திருப்பக் கூடாத முட்டை



நான் செய்த பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், அறிவியல் ஆசிரியனாக இருந்த காலத்தில், என் மாணவன் ஒருவன் நான்கு முட்டைகளைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வந்தான். வேலியோரத்தில் நட்சத்திர ஆமை சில நாட்களுக்கு முன் புதைத்துச் சென்றவை அவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோழி அடைகாக்கும் முறைதான். வைக்கோற் பெட்டியில் மின்விளக்கின் கீழ் வைத்து, நாள்தோறும் மும்முறை புரட்டச் சொன்னேன். புரட்டியது தெரிய ஒருபுறம் வட்டமும் மறுபுறம் பெருக்கற் குறியும் பென்சிலால் இட்டோம். மூன்று மாதம் அவன் ஒருநாளும் தவறவில்லை. முட்டை ஒன்றும் பொரிக்கவில்லை.

காரணத்தைப் பின்னரே கற்றேன். கோழி முட்டையில் மஞ்சட்கருவை நடுவில் தாங்கிப் பிடிக்கும் முறுக்குக் கயிறுகள் இரண்டு உண்டு. ஆமை முட்டையில் அவை இல்லை. இட்ட ஓரிரு நாட்களில் கரு மேலெழுந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் புரட்டினால் மென்சவ்வு கிழிந்து கரு மாண்டுபோகக்கூடும். கோழிக்கு நன்மையானது ஆமைக்கு நஞ்சாயிற்று.

தாயாமை செய்வதைப் பாருங்கள். வெயில் படும் இடத்தைத் தெரிந்து, சிறுநீரால் மண்ணை இளக்கி, பின்னங்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிடும். பிறகு திரும்பியும் பாராது. எஞ்சிய பணி மண்ணுடையது.

தென் ஐரோப்பாவில் ஹெர்மன் ஆமைகளைத் தோட்டத்தில் வளர்ப்போர் சிலர், முட்டைகளைத் தொடாமல் விட்டுவிடுவர். கோடையில் மண்ணுக்குள் கிடந்து, ஏறத்தாழ மூன்று மாதத்தில் குஞ்சுகள் தாமே வெளிவரும். இங்கிலாந்தின் மண்ணுக்கு அவ்வளவு சூடு போதாது. அங்கே பொரிப்புப் பெட்டி வேண்டும். பெட்டியிலோ வேறொரு சிக்கல்: பல ஆமை இனங்களில் குஞ்சின் பாலை வெப்பமே தீர்மானிக்கிறது. ஹெர்மன் ஆமைக்குச் சுமார் 31.5 டிகிரி செல்சியஸ் எல்லை. அதற்கு மேல் பெரும்பாலும் பெண், கீழே ஆண். ஒரே சூட்டில் வைத்த பெட்டி ஒரே பாலைத் தரக்கூடும். மண்ணோ பகலில் காய்ந்து இரவில் குளிர்வது. மேல் முட்டைக்கும் அடி முட்டைக்கும் சூடு வேறு.

நம் நட்சத்திர ஆமையைப் பிடித்து வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. நான் முட்டைகளை வாங்கி வைத்தபோதும் அச்சட்டம் இருந்தது, அறியாமல் மீறினேன். அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் 2019இல் தடை விழுந்தது. ஆகவே வேலியோரத்தில் முட்டைகளைக் காண நேர்ந்தால், எடுக்காமல் மண்ணை மூடிவிட்டு, வனத்துறையினருக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்து முட்டையை இடம் மாற்றியே தீரவேண்டிய ஐரோப்பியரும் பென்சிலால் குறியிடுவதுண்டு. மேற்புறம் மேலேயே இருப்பதற்காக.