புது நீரில் சாகும் மீன்கள்

வீட்டு மீன்தொட்டியில் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதப்பது, பல வேளைகளில், பாதி நீரை வெளியேற்றிப் புது நீர் நிரப்பிய மறுநாள்தான். மாதக்கணக்கில் பழைய நீரில் தாங்கிய மீன், தெளிந்த நீரில் ஒரு நாள்கூடத் தாங்காதது ஏன் என்பது வளர்ப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி. குழாய் நீரின் குளோரினே காரணம் என்பது வழக்கமான பதில். குளோரின் செவுளை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் திறந்து வைத்த நீரிலோ ‘ஆன்டி குளோரின்’ சொட்டு விட்ட நீரிலோ அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளோரினே இல்லாத போர்வெல் நீரிலும் மீன் சாகிறது என்றால், காரணத்தைப் பழைய நீரில் தேட வேண்டும்.

மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மலமும் தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அதைக் கூட்டுகின்றன. நீரில் கரைந்த அம்மோனியாவில் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனி ஒன்றை ஏற்று அம்மோனியமாகிவிடும். அம்மோனியா செவுள் சவ்வைத் தடையின்றிக் கடக்கும் நஞ்சு. மின்னூட்டம் ஏறிய அம்மோனியத்தால் அப்படி நுழைய முடியாது. இரண்டில் எது எவ்வளவு இருக்கும் என்பதை முதன்மையாக முடிவு செய்வது நீரின் பி.எச். அளவு. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 6 என்றால் பத்தாயிரத்தில் 6 பங்குதான் அம்மோனியா. பி.எச். 7-ல் ஆயிரத்தில் 6 பங்கு. பி.எச். 8-ல் நூற்றுக்கு 5 பங்குக்கும் மேல்.

தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிலும் சரளைக் கல்லிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நீரிலுள்ள பைகார்பனேட் அதை ஈடுகட்டி ஈடுகட்டித் தானே கரைகிறது. நீர் மாற்றாமல் விட்ட தொட்டியில் ஒருநாள் பைகார்பனேட் தீர்ந்து, பி.எச். 6-ஐ நோக்கிச் சரியும். அந்த அமில நீரில் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகும். கழிவு சேர்ந்துகொண்டே போகும். ஆனால் அதே அமிலம் அதை அம்மோனியமாகவே வைத்திருப்பதால் மீனுக்கு உடனே ஒன்றும் ஆகாது. மீன்தொட்டி வேதியியலில் வியந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்: நஞ்சைக் குவிய விடும் அமிலமே அதன் கடுமையையும் அடக்கி வைக்கிறது.

அந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் மொத்தக் கழிவு அம்மோனியா இருப்பதாகக் கொண்டால், நஞ்சான பங்கு 0.002 மில்லிகிராம் அளவுதான். பாதி நீரை மாற்றினால் மொத்தக் கழிவு 2 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆனால் புது நீர் பி.எச்.-ஐ 8-க்கு ஏற்றிவிட்டால், நஞ்சான பங்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டும். அதாவது கழிவு பாதியாகி, நஞ்சு ஏறத்தாழ 50 மடங்காகிறது. 0.05 மில்லிகிராமிலேயே செவுள் கெடத் தொடங்கும்.

இதற்கு நேர் எதிரானது புதுத் தொட்டியின் நோய். அங்கே பாக்டீரியாவே இல்லை. பழைய தொட்டியின் பஞ்சை ஒரு துண்டு கிள்ளிப் புதுத் தொட்டியில் போடுவது பாலுக்கு உறை ஊற்றுவது போன்றது. கொதிக்கும் பாலில் ஊற்றிய உறைமோர் வீணாவது போல, குளோரின் நீரில் அலசிய பஞ்சும் வீண். உறைமோர் கொஞ்சமாகவும் பால் நிறையவும் இருந்தால் தோயத் தாமதமாவது போல, ஒரு துண்டுப் பஞ்சை நம்பி இருபது மீன் விட முடியாது. குளிர்ந்தால் இரண்டுமே தாமதமாகும். அடுத்த வீட்டில் வாங்கிய உறையும் தோயும். அடுத்த வீட்டுப் பஞ்சும் அப்படித்தான், நோய் மட்டும் கூடவே வராதிருந்தால். ஆனால் தயிர் ஒரே இரவில் தோய்ந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் ஒருமுறை இரட்டிப்பாவதற்கே ஒரு நாளளவு ஆகலாம். உறை இல்லாமல் தொடங்கிய தொட்டி பக்குவமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இடையில் நைட்ரைட் ஏறி, மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்யும். சிறிதளவு உப்பிட்டால், குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும்.

பாக்டீரியாக்களின் இந்த வேலை அறியப்படும் முன்பே, 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, நத்தை மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று எழுதினார். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது 1890-ஐ ஒட்டித்தான். இடைப்பட்ட காலத்தில், செடி வைத்தால் நீர் மாற்றவே வேண்டாம் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. இன்றும் அது விளம்பரங்களில் உயிரோடிருக்கிறது.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவையும் அதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று டிமோதி ஹோவானெக் குழு 1998-ல் காட்டியது. பாட்டிலில் இருப்பது உயிரோடு இருந்து வேலை செய்கிறதா என்பதைச் சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இறங்குவதை வைத்துத்தான் அறிய முடியும்.

எத்தனை மீன் விடலாம் என்ற கணக்கிலும் ஏமாற்று உண்டு. ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் நீர் என்ற விதி நீளத்தை மட்டும் பார்க்கிறது. 3 சென்டிமீட்டரில் வாங்கும் தங்கமீன் 15 சென்டிமீட்டரானால் நீளம் 5 மடங்கு, எடை 125 மடங்கு. கழிவு அத்தனை மடங்கு கூடாவிட்டாலும், கண்ணாடிக் கிண்ணம் அதைத் தாங்காது. பெண் கப்பி ஒருமுறை சேர்க்கைக்குப் பின் விந்தைச் சேமித்து வைத்து, ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஏஞ்சல் வளர்ந்ததும் கூட இருக்கும் நியான் டெட்ராவைத் தின்னும். சென்னைக் கொளத்தூர் முதலான வண்ணமீன் சந்தைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று கேட்டு வாங்கப்படும் சக்கர் மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். பாசியைத் தின்றாலும் அதுவே பெருங்கழிவு போடும் மீன்.

பழுதான தொட்டியைத் திருத்துவது மெதுவாக நடக்க வேண்டிய வேலை. முதலில் அம்மோனியாவையும் பி.எச்.-ஐயும் அளக்க வேண்டும். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தி, நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால், பி.எச். ஏறும் முன் கழிவு குறையும். பஞ்சை வெளியேற்றிய தொட்டி நீரிலேயே பிழிய வேண்டும். மெத்திலீன் ப்ளூ மருந்தைத் தனித் தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும். அது பாக்டீரியாவையும் கொல்லும். வடிகட்டியில் ஒரு பை கிளிஞ்சல் துண்டு போட்டால் பைகார்பனேட் சிறிது சிறிதாகத் திரும்பும். மிகுதி மீன்களைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுத்துவிட வேண்டும். ஏரியில் விடக் கூடாது: கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் மீன் குட்டைகளில் இன்று பெருகிக் கிடக்கும் சக்கர் மீன், தென் அமெரிக்காவிலிருந்து வண்ணமீன் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது.