பலகைக்கும் நாடி பார்க்கலாம்

வேகமெடுக்கும்போது மோட்டார் திடீரென ஓய்ந்தால், மின் ஸ்கேட்போர்டில் முன்சாய்ந்து நிற்பவர் நேராகத் தார்ச்சாலையில்தான் விழுவார். பேட்டரி தீர்வதை முன்கூட்டிச் சொல்ல மலிவான பலகைகளில் இருப்பதெல்லாம் நாலைந்து விளக்குப் புள்ளிகள். அவற்றை நம்பாதவர்கள் தாங்களே திரை செய்துகொள்கிறார்கள்.

வழி திறந்தவர் சுவீடன் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர். 'வெஸ்க்' என்ற மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியின் வரைபடத்தையும் மென்பொருளையும் 2015இல் ஊரறியக் கொடுத்துவிட்டார். கேட்டால் அது வோல்டேஜ், கரன்ட், வெப்பம், சுழற்சி எல்லாவற்றையும் ஒப்பிக்கும். கேட்பதற்கு ஒரு இஎஸ்பி32 சில்லு, காட்டுவதற்கு 0.96 அங்குல ஓஎல்இடி திரை, சில ஒயர்கள். சாலிடரிங் பழகியவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

வேகம்தான் வேலை வாங்கும். வெஸ்க் தருவது மின்சுழற்சி எண்ணிக்கை. 14 காந்த மோட்டாரில் நிமிடத்துக்கு 35,000 என்றால் 7ஆல் வகுக்க 5,000. மோட்டாரில் 15 பல், சக்கரத்தில் 36 பல் என்றால் அது 2,083 ஆகிவிடும். 90 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு மணிக்கு 35 கி.மீ. சக்கரம் 80க்குத் தேய்ந்த பிறகும் திரை அசராமல் 35 என்றே சொல்லும். உண்மை 31.

பேட்டரியிலும் ஏமாறலாம். 10 லித்தியம் செல்கள் தொடராக இணைந்தால் முழு சார்ஜில் 42 வோல்ட். மேட்டில் அது சடாரெனச் சரியும், சமதளத்தில் மீளும். மோட்டார் ஓய்ந்துவிடுமா என்பதற்கு மேட்டில் தெரியும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பது விழுந்து எழுந்தவர்கள் கற்ற பாடம். முழு சார்ஜோடு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதும் வம்புதான்: மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது.