யந்திரப் பரிவர்த்தனையும் கணக்கு எழுதும் முறையும்

டிராக்டர், கதிரடிக்கும் யந்திரம் முதலியவற்றை வாடகைக்கு விட்டுத் தொழில் நடத்துவோர், தமக்கு உபயோகம் குறைந்த யந்திரத்தைப் பிறரிடம் கொடுத்து வேறொன்றைப் பெற்றுக்கொள்வதுண்டு. ரொக்கம் சிறிதளவே கைமாறுவதால், பலர் பேரேட்டில் யந்திரத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய தொகையையே வைத்துக்கொள்கின்றனர். இது பின்னர் நஷ்டத்திற்கு ஏதுவாகும்.

விதி யாதெனில், பெற்ற பொருளின் அடக்கவிலையாவது, அதற்காகக் கொடுத்த பொருளின் அன்றைய நியாயமான மதிப்பும், மேற்கொண்டு கொடுத்த ரொக்கமும் சேர்ந்ததேயாம். ரொக்கம் பெற்றிருப்பின் அதனைக் கழித்தல் வேண்டும்.

உதாரணமாக, ரூ. 6,00,000-க்கு வாங்கிய டிராக்டருக்கு இதுவரை ரூ. 3,60,000 தேய்மானம் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பேரேட்டில் எஞ்சுவது ரூ. 2,40,000. அதன் நடப்பு விலை ரூ. 3,00,000. அதனையும் ரொக்கம் ரூ. 50,000-ஐயும் கொடுத்துக் கதிரடிக்கும் யந்திரமொன்றைப் பெற்றால், கணக்கு வருமாறு:

பற்று: கதிரடிக்கும் யந்திரம் ரூ. 3,50,000, தேய்மான ஒதுக்கு ரூ. 3,60,000.
வரவு: டிராக்டர் ரூ. 6,00,000, ரொக்கம் ரூ. 50,000, லாபம் ரூ. 60,000.

இருபுறமும் ரூ. 7,10,000 ஆதல் காண்க.

பழைய தொகையையே வைத்துக்கொண்டால், புதிய யந்திரத்தின் விலை ரூ. 2,90,000 என்றே நிற்கும். பத்தாண்டுகளுக்குச் சமமாகத் தேய்மானம் கணக்கிட்டால், ஆண்டுக்கு ரூ. 35,000-க்குப் பதிலாக ரூ. 29,000 மட்டுமே எழுதப்படும். அதனைக் கொண்டு வாடகையும் குறைத்து நிர்ணயிக்கப்படும். யந்திரம் தேய்ந்தபின் மாற்று வாங்க ரூ. 60,000 குறைந்திருக்கும். இடையில் விலகும் கூட்டாளியும் தமக்குரிய லாபப் பங்கை இழப்பார்.

இதற்கு விலக்கும் உண்டு. ஒரே திறனும் ஒரே வேலையுமுள்ள இரண்டு டிராக்டர்களை மாற்றிக்கொள்வதால் வருமானத்தின் அளவோ, காலமோ, நஷ்டபயமோ மாறாதெனின், லாபம் காட்டலாகாது. பேரேட்டுத் தொகையையே தொடர வேண்டும். சர்வதேசக் கணக்கு நியமம் 16, 2003-ஆம் ஆண்டில் இவ்வாறு திருத்தப்பட்டது. இந்தியாவில் கம்பெனிகளுக்குரிய கணக்கு நியமம் 10-உம் 2016-ஆம் ஆண்டில் இதனையே ஏற்றது.

வியாபாரிகள் பழைய யந்திரத்திற்கு அதிக விலை கூறிப் புதியதன் விலையில் அதனை ஏற்றிவிடுவதுண்டு. ஆகையால், பழையது கொடாமல் ரொக்கத்திற்கு வாங்கினால் என்ன விலையென முதலில் கேட்டறிக. 2017-ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, தொழில் முறையில் செய்யும் பண்டமாற்றும் விற்பனையைப் போன்றதே என்பதை வரிப்பதிவு பெற்றோர் மறத்தலாகாது.

பரிவர்த்தனை நடந்த அன்றே தேதி, யந்திர எண், இருவரும் ஒப்பிய மதிப்பு, ரொக்கம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நலம். மதிப்பு எழுதப்படாத பரிவர்த்தனை பிற்காலத்தில் வழக்கிற்கு வித்தாகும்.