குழந்தையின் கவரிங் நகையில் காரீயம்

திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு மலிவான மோதிரம், வளையல், தொங்கட்டம் வாங்கித் தருகிறோம். அவற்றுள் சிலவற்றில் காரீயம் கலந்திருக்கக்கூடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் வேறு. நாங்கள் இங்கே குறிப்பிடும் காரீயம் வேறு. எளிதில் உருகும், எடை கூடும், விலை குறைவு என்பதால் அது மலிவு நகைகளில் சேர்க்கப்படுகிறது. மேலே முலாம் பூசிவிட்டால் கண்ணால் பார்த்து அறிய இயலாது.

தோலில் படுவதைவிட, வாயில் வைத்துச் சப்புவதும் விழுங்குவதுமே பெரிய ஆபத்து. இரைப்பையின் அமிலம் காரீயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், காலணியுடன் இலவசமாக வந்த இதய வடிவத் தொங்கட்டத்தை விழுங்கிய 4 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அதில் 99 விழுக்காடு காரீயமே இருந்தது. முதலில் தோன்றிய வாந்தி, சாதாரண வயிற்றுக் கோளாறாகவே கருதப்பட்டது.

சிறு அளவும் தீங்கற்றதன்று. காரீயத்திற்குப் பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் குறைக்கிறது, இரத்தசோகையையும் உண்டாக்குகிறது. உடலில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் குடல் காரீயத்தை இன்னும் மிகுதியாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உள்ளது. எனவே ஜவ்வாதுமலைப் பெற்றோரும் இதில் கவனம் கொள்ள வேண்டும்.

நகையைச் சோதிக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி உண்டு. தங்கத்தின் தரம் காணும் ஹால்மார்க் மையங்களில் பயன்படுவதும் இவ்வகைக் கருவியே. ஆயினும் மேற்பூச்சு உள்ளிருக்கும் உலோகத்தை மறைத்துவிடலாம். காரீயம் இல்லை என்று தெரிந்தாலும் காட்மியம் இருக்கலாம். நிக்கல் தோலில் அரிப்பைத் தரலாம். ஆகவே சில ரூபாய் நகையைச் சோதிப்பதைவிட அகற்றிவிடுவதே எளிது. சோதிக்க வேண்டியது குழந்தையை.

குழந்தை நகையைச் சப்பும் பழக்கம் உடையதாயின் எங்களிடம் கூறுங்கள். நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் காரீய அளவை அறியலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் வந்த வழியைக் கண்டறிந்து நீக்க வேண்டும். 45 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும்.

விழுங்கிவிட்டால், மலத்தில் தானே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். உடனே அழைத்து வாருங்கள். எக்ஸ்ரேயில் உலோகம் தெளிவாகத் தெரியும். அதே போன்ற நகை வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

அகற்றிய நகையை வேறு குழந்தைக்குக் கொடுக்கவோ, உருக்கவோ, எரிக்கவோ கூடாது. கீரை, கேழ்வரகு, முட்டை ஆகியவற்றுடன் நாங்கள் தரும் இரும்புச்சத்து மருந்தையும் தவறாமல் கொடுத்து வாருங்கள்.