விளக்குக்கு விலாசம் எதற்கு?

இருட்டில் சாவித் துவாரத்தைத் தேட ஒரு விளக்கு வேண்டும். அவ்வளவுதான். அந்த விளக்குக்கு, அதைப் பிடித்திருப்பவர் எந்த ஊரில், எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது தெரிய வேண்டுமா?

வேண்டியதே இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒரு விளக்கு அதைத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதோடு நிற்காமல், ஊரார் காதிலும் போட்டுவந்தது!

அது செல்போனில் 'டார்ச்' போல வெளிச்சம் தரும் ஒரு செயலி. 'பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட்' என்று பெயர். காசு கிடையாது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த கோடிக்கணக்கானோர் அதை இறக்கிக்கொண்டார்கள். பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று வெளிச்சம் வரும். வெளிச்சத்துக்குப் பின்னால் நடந்தது யாருக்கும் தெரியவில்லை. போன் இருக்கும் இடம், அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் ஆகிய இரண்டையும் அந்தச் செயலி எடுத்து, விளம்பரக் கம்பெனிகள் போன்ற வெளியாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

2013 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் இந்தக் குட்டை உடைத்தது. கமிஷன் சொன்ன விவரங்களில் ஒன்று வெகு வேடிக்கை. செயலியை முதன்முதலில் திறந்ததும் நிபந்தனைகள் தோன்றும். கீழே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று பொத்தான்கள் இருக்கும். எதை அழுத்தலாம் என்று ஆசாமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே தகவல் புறப்பட்டுப் போய்விடும்! தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதைதான். சேர்த்துவைத்த தகவல்களை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

இன்று அந்த வேலைக்குத் தனிச் செயலியே தேவையில்லை. போனிலேயே விளக்கு இருக்கிறது. ஆனால் விளக்குக்காரரின் தந்திரம் மட்டும் ஒழியவில்லை.

மாமியாரின் நம்பர்

பால்காரருக்குப் பணம், ரயிலுக்கு டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பரீட்சை முடிவு, மழை வருமா வராதா என்ற ஜோசியம் எல்லாம் இப்போது செயலிகளின் வழியாகத்தான் நடக்கின்றன. வேண்டாம் என்று ஒதுங்கி இருப்பது சாமானியருக்கு நடக்கிற காரியம் அல்ல. ஒதுங்க வேண்டிய அவசியமும் இல்லை. புதிய செயலி ஒன்றைச் சேர்க்கும்போது அது என்ன கேட்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

காமிரா, மைக், இருக்கும் இடம், படங்கள், போனில் பதிந்துள்ள பெயர்களும் நம்பர்களும் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். அவசரத்தில் இருப்பவர் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போவார். அங்கேதான் நிதானம் வேண்டும். வாடகைக் கார் அழைக்கும் செயலி, இருக்கும் இடத்தைக் கேட்கிறது. நியாயம், கார் எங்கே வந்து நிற்பது? படம் பிடிக்கும் செயலி காமிராவைக் கேட்கிறது. அதுவும் நியாயம். கூட்டல் கழித்தல் போடும் செயலி விலாசப் புத்தகத்தைக் கேட்டால்? கணக்குப் போட மாமியாரின் போன் நம்பர் எதற்கு?

ஏழு நாள் கடன்

'இதில் என்ன பெரிய நஷ்டம்? நம்பர்தானே, போனால் போகட்டும்' என்று நினைப்பவர்கள் உண்டு. 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் கைப்பணம் தீர்ந்துபோன பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்போது முளைத்தவை உடனடிக் கடன் செயலிகள். பத்து நிமிஷத்தில் பணம்! பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், ஜாமீன் வேண்டாம்! சில ஆயிரம் ரூபாய் கேட்டால், கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஏழு நாளில் முழுத் தொகையையும் வட்டியோடு கட்ட வேண்டும்.

ஜாமீன் வேண்டாம் என்றது சுத்தப் பொய். ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் கடன் கொடுத்தார்கள். அந்த ஜாமீன், கடன் வாங்கியவரின் விலாசப் புத்தகம்! செயலியைச் சேர்க்கும்போதே அதில் உள்ள பெயர்கள், நம்பர்கள், போனில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் கடன்காரர் கைக்குப் போய்விட்டன.

தவணை ஒரு நாள் தவறினால் போதும். மாமனாருக்கு டெலிபோன் போகும். ஆபீஸ் மானேஜருக்குப் போகும். என்றோ ஒரு நாள் குழாய் ரிப்பேருக்கு வந்தவருக்குக்கூடப் போகும். 'உங்கள் ஆள் மோசடிப் பேர்வழி' என்று செய்தி வரும். பெண்களின் படங்களை ஆபாசமாக ஒட்டி வெட்டி உறவினர்களுக்கு அனுப்பிய கொடுமையும் நடந்தது. மானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் தெலங்கானாவில் உண்டு, தமிழ்நாட்டில் உண்டு, வேறு பல மாநிலங்களிலும் உண்டு.

அந்தக் காலத்து ஈட்டிக்காரனும் வாசலில் வந்து சத்தம் போடத்தான் செய்தான். ஆனால் அவனால் ஒரு தெருவில்தான் நிற்க முடியும். இவர்களோ ஒரே நாளில் முந்நூறு வாசல்களில் நின்றார்கள்.

இதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. 'சரி' என்று பொத்தானை அழுத்தியவர் ஒருவர். புத்தகத்தில் பெயர் இருந்தவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் யாரும் கடன் வாங்கவில்லை. யாரும் சம்மதம் சொல்லவில்லை. அப்படி ஒரு செயலி இருப்பதையே அறியாதவர்கள் பலர். அந்தரங்கம் என்பது தனி ஒருவரின் சொத்து அல்ல. ஒருவர் கதவைத் திறந்தால் மற்றவர் வீட்டுக்குள்ளும் திருடன் போகிறான்.

ரிசர்வ் பாங்கு அமைத்த குழு ஒன்று, 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் கடன் செயலிகள் சுமார் 1,100 என்றும், அவற்றில் 600 சட்ட விரோதமானவை என்றும் தெரியவந்தது. பாதிக்கு மேல்! பிறகு 2022 செப்டம்பரில் விதி பிறந்தது. கடன் செயலிகள் விலாசப் புத்தகத்தையும், அழைப்புப் பட்டியலையும், படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு சொல்லிவிட்டது. 2023 மே மாத இறுதியிலிருந்து கூகுள் நிறுவனமும் தன் செயலிக் கடையில் அதே தடையைக் கொண்டுவந்தது. எந்தக் கடன் செயலிக்குப் பின்னால் முறையான நிதி நிறுவனம் இருக்கிறது என்று பார்க்க, 2025 ஜூலை முதல் ரிசர்வ் பாங்கின் இணையதளத்தில் பட்டியலும் இருக்கிறது. கடையில் வைக்க முடியாத சரக்கைத்தான் 'இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று நேராக அனுப்புகிறார்கள். அந்த வழியில் வரும் செயலியை, அது பாங்கு என்று வந்தாலும் போலீஸ் என்று வந்தாலும், தொடாமல் இருப்பதே உத்தமம்.

பாலைவனத்தில் ஒளிக்கோடு

கெட்ட எண்ணமே இல்லாத செயலியும் ரகசியத்தை உடைக்கும். 'ஸ்ட்ராவா' என்பது ஓட்டப் பயிற்சி செய்வோருக்கான செயலி. எத்தனை மைல், எவ்வளவு வேகம் என்று குறித்துவைக்கும். உலகமெங்கும் ஓடியவர்களின் தடங்களை ஒன்றுசேர்த்து, 2017 நவம்பரில் அந்தக் கம்பெனி ஒரு படம் வெளியிட்டது. நகரங்கள் ஜொலித்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். ஆப்கானிஸ்தானத்திலும் சிரியாவிலும், ஆள் அரவமற்ற இருட்டுக்கு நடுவே சில ஒளிக்கோடுகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவை அமெரிக்கச் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்கள்! ராணுவ முகாம்களின் மதில்களையும் நடைபாதைகளையும் அவர்களே தங்கள் காலால் வரைந்து காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், போர்ப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் செயலிகளுக்கு அமெரிக்க ராணுவத் துறை தடை போட்டது.

கடிதமும் உறையும்

செய்தி அனுப்பும் செயலிகளைப் பற்றித்தான் அதிகமாகச் சந்தேகம் எழுகிறது. வாட்ஸ்அப் செய்தியைக் கம்பெனிக்காரர்கள் படிக்கிறார்களா?

அனுப்புகிறவர் போனில் பூட்டி, பெறுகிறவர் போனில் மட்டும் திறக்கும் முறை 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் முழுமையாக இருக்கிறது. ஆகவே, நடுவழியில் கடிதத்தை யாரும் படிக்க முடியாது. ஆனால் கடிதத்துக்கு உறை என்று ஒன்று உண்டல்லவா? யார், எப்போது, எத்தனை தடவை உபயோகிக்கிறார் என்பது போன்ற வெளி விவரங்கள் கம்பெனிக்குத் தெரியும். இன்னொன்று: பழைய செய்திகளை இணையக் கிடங்கில் சேமித்துவைப்பவர்கள், அந்தச் சேமிப்புக்கும் பூட்டுப் போட வேண்டும். 2021 முதல் அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் உபயோகிப்பவர்தான் அதைத் திறந்துவைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்புக்குப் பூட்டுச் செய்யும் வித்தையைக் கொடுத்தவர்கள் 'சிக்னல்' என்ற செயலியைச் செய்தவர்கள். அதை நடத்துவது லாப நோக்கமற்ற ஸ்தாபனம். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், அங்கிருந்து விலகி வந்து, 2018-ல் 5 கோடி டாலர் கொடுத்து அந்த ஸ்தாபனத்தை நிறுவினார்.

சிக்னலின் யோக்கியதைக்கு ஒரு கோர்ட்டுச் சாட்சியமே உண்டு. 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்திலிருந்து அதற்குச் சம்மன் வந்தது. இரண்டு போன் நம்பர்களைக் குறிப்பிட்டு, அவர்களைப் பற்றிய விவரங்களையெல்லாம் கொடு என்று கேட்டார்கள். ஒரு நம்பருக்குக் கணக்கே இல்லை. மற்ற நம்பருக்கு, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே இருந்தன. அவ்வளவையும் கொடுத்துவிட்டார்கள்! மறைத்துவைக்கவில்லை; பெட்டியில் வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் சிக்னலுக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். சொல்வது சுலபம். சித்தப்பாவும் சம்பந்தியும் ஸ்கூல் டீச்சரும் வாட்ஸ்அப்பில் இருக்க, ஒருவர் மட்டும் சிக்னலில் உட்கார்ந்து யாரோடு பேசுவது? ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப், அந்தரங்கம் பேச நாலு பேருக்குச் சிக்னல் என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சிக்னலில் சேரப் போன் நம்பர் வேண்டும். ஆனால் 2024 முதல், அந்த நம்பரைப் பிறருக்குக் காட்டாமல் ஒரு பெயரை வைத்தே பேசலாம்.

வழி காட்டும் செயலிகளிலும் இப்படித்தான். கூகுள் படம் நெரிசலைச் சொல்கிறதென்றால், நெரிசலில் நிற்பவர்களின் போன்களே அதற்குத் தகவல் கொடுக்கின்றன. அது வேண்டாம் என்பவர்களுக்கு 'ஆர்கானிக் மேப்ஸ்' இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தொண்டர்கள் வரைந்துவரும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' படங்களை அது உபயோகிக்கிறது. ஊர்ப் படத்தை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே வழி காட்டும். போகும் இடத்தை யாரிடமும் சொல்லாது. நெரிசல் விவரம் மட்டும் கிடைக்காது.

பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிகளுக்கு ஒரே எச்சரிக்கை போதும். ரகசிய எண், பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அல்ல. 'உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால், பணம் போகிறது என்று அர்த்தம்.

பத்து நிமிஷ வேலை

ஏற்கெனவே கொடுத்துவிட்ட அனுமதிகளைத் திரும்பப் பெற முடியுமா? தாராளமாக முடியும். போனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போனால், எந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி என்ற பட்டியல் கிடைக்கும். வேண்டாததை அணைத்துவிடலாம். பொதுவாகச் செயலி அதற்காகக் கோபித்துக்கொண்டு நின்றுவிடாது.

2015-க்கு முன்பு ஆண்ட்ராய்டு போன்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது. கேட்ட எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலியே வேண்டாம் என்று விட வேண்டும். 2020-ல் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று கொடுக்கும் வசதி வந்தது. மாதக்கணக்கில் தொடாமல் விட்ட செயலியின் அனுமதியைப் போனே பறித்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. துல்லியமான இடத்தைச் சொல்லாமல் 'ஏறக்குறைய இந்தப் பக்கம்' என்று மட்டும் சொல்ல, ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் வழி இருக்கிறது. மழைச் செய்தி சொல்லும் செயலிக்கு அதுவே ஜாஸ்தி. ஐபோனில் 2024 முதல், விலாசப் புத்தகம் முழுவதையும் கொடுக்காமல், பொறுக்கியெடுத்த சில பெயர்களை மட்டும் கொடுக்கலாம். திரையின் மேல் மூலையில் ஒரு சிறு பச்சைப் புள்ளி எரிந்தால் காமிரா வேலை செய்கிறது என்று பொருள். மைக்குக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. காரணமில்லாமல் அது எரிந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

டாக்டர் கேட்ட நம்பர்

கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, 2012-ல், தமது 86-வது வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியே 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

சட்டப் புத்தகம் என்றால் தூக்கம் வரும். ஆனால் இந்தச் சட்டத்தில் ஓர் உதாரணம் எழுதியிருக்கிறார்கள். டெலிபோனில் வைத்தியம் பார்க்கும் செயலி ஒன்றை ஒரு பெண் சேர்க்கிறாள். வைத்தியத்துக்கு வேண்டிய விவரங்களோடு, அவளுடைய விலாசப் புத்தகத்தையும் அது கேட்கிறது. அவள் இரண்டுக்கும் 'சரி' என்று சொல்லிவிடுகிறாள். வைத்தியம் பார்க்க விலாசப் புத்தகம் தேவையில்லை. ஆகவே அவள் சொன்ன 'சரி' வைத்தியத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம்! சம்மதம் கேட்கும் அறிவிப்பு விளங்கும் பாஷையில் இருக்க வேண்டும். தமிழ் உள்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 பாஷைகளிலும் அதைப் படிக்க வசதி செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பகுதிகள் அமலுக்கு வர அன்றிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும் பொத்தானுக்கு அந்த அவகாசம் தேவையில்லை.