பழைய ரவிக்கை போலவே புது ரவிக்கை!

ரவிக்கை நைந்துவிட்டது. ஆனால் அதைப்போல் கச்சிதமாக வேறொன்றும் அமையவில்லை! “அளவு ரவிக்கை” கொடுத்துத் தைத்தாலும் எங்கோ பிடிக்கிறது.

1888-ல் நூற்பாலை கண்ட ஊர் கோவை. இங்கே துணிக்கா பஞ்சம்? வீட்டில் தையல் எந்திரம் இருந்தால் போதும். (எந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே இதற்கு விலக்கு அளித்தார்!)

புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் துணியும் போச்சு, உழைப்பும் போச்சு!

அடுத்து, பழைய ரவிக்கையைப் பிளேடால் பிரிக்க வேண்டும். இங்கேதான் பலருக்கு மனம் வராது. அம்மா தைத்துக் கொடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம்! அப்படியானால் ஒரு பாதியை மட்டும் பிரியுங்கள். கொக்கிப் பட்டி தவிர, இடமும் வலமும் ஒன்றுதான். பிறகு மறுபடி தைத்து, பெட்டியில் பத்திரமாக வைக்கலாம்.

துண்டுகளை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வரையுங்கள். பழைய தையல் கோடுதான் அளவு. அதற்கு வெளியே அரை அங்குலம் விடுங்கள். கழுத்து மட்டும் நாள்பட இழுபட்டு அகன்றிருக்கும். அப்படியே வரைந்தால் புது ரவிக்கை தோளைவிட்டு நழுவும்! சற்றுக் குறுக்கியே வரையுங்கள்.

பழைய துண்டில் பாவு நூல் எப்படி ஓடுகிறதோ, புதுத் துணியிலும் அப்படியே ஓடவேண்டும். முதலில் பழைய வேட்டியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால், நல்ல துணியில் கத்தரியை வைக்கலாம்.