கால்பந்து, காற்பந்து, உதைபந்து: ஒரே விளையாட்டின் பல பெயர்கள்

கால்பந்து என்பது அணிக்கு 11 பேராக இரு அணிகள் ஆடும் விளையாட்டு. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் இதைக் 'கால்பந்து' என்று எழுதுகின்றன. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் 'காற்பந்து' என்கின்றனர். இலங்கையில் 'உதைபந்தாட்டம்' என்பது பெருவழக்கு. ஒரு பெயரை மட்டும் இட்டு இணையத்தில் தேடும் மாணவருக்குப் பிற நாட்டுத் தமிழ்ச் செய்திகள் கண்ணில் படாமலே போகக்கூடும்.

முதல் இரண்டும் உண்மையில் ஒரே சொல்தான். வேற்றுமைப் புணர்ச்சியில், வல்லினம் வந்தால் லகரம் றகரமாகத் திரியும். பால் + குடம் 'பாற்குடம்' ஆவது போல, கால் + பந்து 'காற்பந்து' ஆகும். இலக்கணப்படி இதுவே சரி. ஆனால் தமிழ்நாட்டில் 'கால்' தெளிவாகத் தெரியும்படி எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதைச் சிவப்பு மையால் சுழிக்க எனக்கு மனம் வராது.

'உதைபந்து' வினைத்தொகை. இங்கே பெயர் உறுப்பால் அமையாமல் செயலால் அமைந்துள்ளது. இத்தாலியர் இவ்விளையாட்டை அழைக்கும் 'கால்ச்சோ' என்ற சொல்லுக்கும் உதை என்றே பொருள்.

ஆங்கிலத்தில் சிக்கல் வேறு. லண்டனில் 1863-இல் தொடங்கிய 'ஃபுட்பால் அசோசியேசன்' இவ்விளையாட்டுக்குப் பொது விதிகளை வகுத்தது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டக்காரர்கள் 1871-இல் தனிச் சங்கம் அமைத்தனர். இரண்டுக்குமே பெயர் ஃபுட்பால்தான்! அதனால் ஒன்று 'அசோசியேசன் ஃபுட்பால்', மற்றது 'ரக்பி ஃபுட்பால்' எனப்பட்டது. சொல்லைச் சுருக்கி, இறுதியில் 'அர்' சேர்த்துப் பேசுவது அக்கால ஆக்ஸ்போர்டு மாணவர் வழக்கம். அப்படி ரக்பி 'ரக்கர்' ஆனது. அசோசியேசன் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவேயுள்ள மூன்று எழுத்துகளிலிருந்து 'சாக்கர்' பிறந்தது. ஆகவே அது அமெரிக்கர் உண்டாக்கிய சொல் என்பது தவறு.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்ற பெயரை வேறோர் ஆட்டம் பிடித்துக்கொண்டதால் சாக்கர் அங்கே நிலைத்தது. அதுவும் உடனே நடந்துவிடவில்லை. 1913-இல் தொடங்கிய அந்நாட்டுச் சங்கத்தின் பெயரில் 'ஃபுட்பால்' மட்டுமே இருந்தது. 1945-இல் 'சாக்கர்' சேர்ந்தது. 1974-இல் 'ஃபுட்பால்' நீங்கியது. ஆஸ்திரேலியச் சங்கமோ 2005-இல் சாக்கரை விட்டு ஃபுட்பாலுக்கு மாறியது. தேசிய அணியின் செல்லப்பெயர் மட்டும் இன்னும் 'சாக்கரூஸ்'தான்.

இந்தியாவில் அந்தப் பெயருக்குப் போட்டியிட வேறு ஆட்டம் இல்லை. 1937-இல் அமைந்த அகில இந்தியக் கூட்டமைப்பு ஆங்கிலத்தில் ஃபுட்பால் என்ற சொல்லையே கொண்டுள்ளது. ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகளும் தேர்வுத்தாளில் கால்பந்து என்று எழுதிவிட்டு, திடலுக்கு வந்ததும் 'ஃபுட்பால்' என்றே சொல்கிறார்கள்.